நடுவில் சர்வர் இல்லாத வலையமைப்பில் சேவைகளைக் கண்டறிவது எப்படி?

வேர்முனை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரியில் இரண்டு கட்டடங்களில் உள்ள ஆய்வகங்களில் ஏறத்தாழ நாற்பது கணினிகள் இயங்குகின்றன. அவற்றுள் சில பிரிண்டர்களைப் பகிர்கின்றன. சில, ஸ்கேன் செய்த பழைய தமிழ் நூல்களின் பக்கங்களை எழுத்தாக மாற்றித் தருகின்றன. இன்னும் சில, லினக்ஸ் மென்பொருள் தொகுப்புகளின் நகலை வைத்திருந்து மற்றவற்றுக்கு வழங்குகின்றன. எந்தக் கணினியில் எந்தச் சேவை கிடைக்கும் என்ற பட்டியல் மட்டும் ஒரே ஒரு கணினியில் இருக்கிறது. மின்சாரம் போய் அந்தக் கணினி அணைந்துவிட்டால், மற்றவை யுபிஎஸ் துணையோடு நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் அவற்றை யாராலும் கண்டுபிடிக்க முடிவதில்லை.

ஆகவே பட்டியலுக்கென்று தனிச் சர்வர் இல்லாமல், ஒவ்வொரு கணினியும் தன்னிடம் உள்ள சேவையைத் தானே அறிவிக்கும்படியும், தேவைப்படும் கணினி தானே தேடிக்கொள்ளும்படியும் பியர்-டு-பியர் முறையில் அமைக்க விரும்புகிறேன். மல்டிகாஸ்ட் டிஎன்எஸ் (வலையில் உள்ள எல்லாக் கணினிகளிடமும் ஒரே நேரத்தில் கேட்பது), பகிர்ந்த ஹாஷ் அட்டவணை (பட்டியலைத் துண்டாக்கிக் கணினிகளுக்குள் பிரித்து வைப்பது), காசிப் (கணினிகள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லிப் பரப்புவது) என்று மூன்று வழிகளைப் பற்றிப் படித்தேன். எது எதற்குப் பொருந்தும் என்பதில் தெளிவு கிடைக்கவில்லை. இரண்டு கட்டடங்களும் வெவ்வேறு சப்நெட்டில், அதாவது வலையின் தனித்தனிப் பிரிவுகளில், உள்ளன, நடுவில் ரவுட்டர் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஆழிசூழ் எழுதியது:

வேர்முனை அவர்களே, வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. "இந்த அடையாளம் உள்ள பொருள் யாரிடம் இருக்கிறது?" என்பது ஒரு கேள்வி. "இந்த வகைச் சேவையை இப்போது யார் யார் தருகிறார்கள், அவர்களுள் எனக்கு ஏற்றவர் யார்?" என்பது இன்னொன்று. பியர்-டு-பியர் வலையமைப்புகளின் வரலாற்றில் பெரும்பகுதி உழைப்பு முதல் கேள்விக்கே சென்றது. உங்களுடையது இரண்டாவது கேள்வி. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் முதலாவதற்கு உருவான கருவியை இரண்டாவதற்கு எடுத்துக்கொள்வதால்தான் பல திட்டங்கள் தேவைக்கு மீறிச் சிக்கலாகிவிடுகின்றன.

1999-இல் வந்த நாப்ஸ்டரில் பாடல் கோப்புகள் பயனர்களின் கணினிகளில் இருந்தன. யாரிடம் எது இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் நிறுவனத்தின் சர்வர்களில் இருந்தது. உங்கள் இப்போதைய அமைப்பும் இதே வடிவம்தான். தேடல் வேகமாகவும் முழுமையாகவும் இருக்கும், ஆனால் பட்டியல் நின்றால் எல்லாம் நிற்கும். நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2001-இல் அந்தச் சர்வர்கள் நிறுத்தப்பட்டபோது, கோப்புகள் எல்லாம் அவரவர் கணினியில் அப்படியே இருந்தும் வலையமைப்பு இல்லாமல் போயிற்று.

2000 மார்ச்சில் நல்சாஃப்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜஸ்டின் ஃபிராங்கலும் டாம் பெப்பரும் வெளியிட்ட நுடெல்லா பட்டியலையே நீக்கிவிட்டது. ஒரு கணு, அதாவது வலையில் உள்ள ஒரு கணினி, தன் அண்டைக் கணுக்கள் அனைத்திடமும் கேட்கும், அவை தம் அண்டைக் கணுக்களிடம் கேட்கும், ஒவ்வொரு தாவலிலும் ஓர் எண் ஒன்று குறைந்து, அது தீரும்போது கேள்வி நின்றுவிடும். அந்த எண் வழக்கமாக 7. ஒவ்வொரு கணுவுக்கும் நான்கு அண்டைக் கணுக்கள் என்று வைத்துக் கணக்கிட்டால் ஒரே ஒரு தேடல் 4,372 கணுக்கள் வரை செல்லக்கூடும். கேட்பவர்களின் எண்ணிக்கை கூடக்கூட, மெதுவான மோடம் இணைப்பு வைத்திருந்தவர்களின் இணைப்பு முழுவதும் பிறருடைய கேள்விகளைக் கடத்துவதிலேயே செலவானது. பின்னர் வலுவான கணுக்களை அல்ட்ராபியர் என்று உயர்த்தி, அவற்றுக்குள் மட்டும் கேள்விகள் சுற்றும்படி செய்தார்கள்.

நுடெல்லாவைத் தோல்வி என்று ஒதுக்குவது சரியல்ல என்பது என் கருத்து. வெள்ளமாகப் பரப்பும் முறையில் எந்த வகைக் கேள்வியையும் கேட்கலாம், ஏனெனில் விடையை முடிவு செய்வது அந்தந்தக் கணுவே. "தமிழ் எழுத்தை அறியும் சேவை வேண்டும், இப்போது வேலை குறைவாக உள்ள கணினியாக இருக்க வேண்டும்" என்று கேட்டாலும் அது புரிந்துகொள்ளும். பின்னால் வந்த நேர்த்தியான அமைப்புகள் பலவற்றில் இந்தத் திறன் இல்லை.

கொடிமுல்லை எழுதியது:

ஒரே சப்நெட்டுக்குள் என்றால் மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸும் டிஎன்எஸ் வழிச் சேவை கண்டறிதலும் போதும். ஸ்டூவர்ட் செஷயரும் மார்க் குரோக்மாலும் எழுதி 2013 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 6762, 6763 என்ற இணையத் தரநிலை ஆவணங்களாக வெளியானவை இவை. ஆப்பிள் இதை 2002-இல் ராந்தெவூ என்ற பெயரில் வெளியிட்டுப் பின்னர் போன்ஜூர் என்று மாற்றியது. லினக்ஸில் அவாஹி இதே வேலையைச் செய்கிறது. உங்கள் பிரிண்டர்கள் பெரும்பாலும் இப்போதே இதைப் பேசிக்கொண்டிருக்கும்.

வலையில் என்ன நடக்கிறது என்பதை, பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் கருவியில் ஒருமுறை பார்த்துவிட்டால் மற்றவை தெளிவாகும். பிரிண்டர் தேடும் கணினி 224.0.0.251 என்ற முகவரிக்கு, 5353 போர்ட்டில், பிரிண்டர் வகைச் சேவையின் பெயரைக் குறிப்பிட்டு ஒரு கேள்வி அனுப்புகிறது. அந்த வகைச் சேவை தருபவை அனைத்தும் பதில் சொல்லலாம் என்பதால், பதில்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க ஒவ்வொன்றும் 20 முதல் 120 மில்லி விநாடி வரை ஏதோ ஒரு நேரம் பொறுத்துப் பேசுகிறது. முதலில் வருவது பிடிஆர் பதிவு, அதாவது இந்த வகையில் இன்ன பெயருள்ள சேவை இருக்கிறது என்ற செய்தி. அந்தப் பெயருக்குரிய கணினியையும் போர்ட்டையும் எஸ்ஆர்வி பதிவு சொல்கிறது. தாள் அளவு, வண்ணம் போன்ற கூடுதல் விவரங்கள் டிஎக்ஸ்டி பதிவில் வருகின்றன. மறுமுறை கேட்கும்போது தனக்கு ஏற்கெனவே தெரிந்த விடைகளையும் கேள்வியோடு சேர்த்தே கணினி அனுப்புவதால், அவற்றைச் சொல்ல வேண்டியவை மௌனமாக இருந்துவிடுகின்றன. ஆழிசூழ் அவர்கள் சொன்ன வெள்ளம் இங்கே வராமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடு முக்கியமான காரணம்.

வேர்முனை அவர்கள் குறிப்பிட்ட மின்தடையை இதோடு பொருத்திப் பாருங்கள். ஒரு கணினியை முறைப்படி அணைத்தால், ஆயுள் பூச்சியம் என்று குறித்த விடைபெறும் பாக்கெட்டை அது அனுப்பும். மற்றவை உடனே அதன் பெயரைத் தம் நினைவிலிருந்து நீக்கிவிடும். மின்சாரம் சட்டென்று போனால் அந்தப் பாக்கெட் வராது. அப்போது பதிவின் ஆயுள் முடியும்வரை மற்றவை காத்திருக்க வேண்டும். கணினிப் பெயர் இடம்பெறும் எஸ்ஆர்வி போன்ற பதிவுகளுக்குப் பரிந்துரைக்கப்படும் ஆயுள் 120 விநாடி, பிடிஆர் போன்ற மற்றவற்றுக்கு 75 நிமிடம். ஆகவே இறந்துபோன சேவையின் பெயர் ஒரு மணி நேரத்துக்கும் மேல் பட்டியலில் நிற்கலாம், ஆனால் அதைச் சொடுக்கினால் கணினி கிடைக்காது. "பட்டியலில் தெரிகிறது, வேலை செய்யவில்லை" என்று மாணவர்கள் சொல்லும் புகாருக்கு இதுவே பொதுவான காரணம். இணைக்க முயன்று தோற்ற மென்பொருள் அந்தப் பதிவை மறுபடி உறுதிசெய்யும்படி கோரலாம், பதில் வராவிட்டால் பதிவு விரைவில் நீக்கப்படும். இந்த வசதி தரநிலையிலேயே இருக்கிறது. பயன்படுத்தும் மென்பொருள்தான் குறைவு.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். இந்த மல்டிகாஸ்ட் முகவரிக்கு அனுப்பும் பாக்கெட்டுகள் ரவுட்டரைத் தாண்டமாட்டா. வைஃபையில் மல்டிகாஸ்ட் பாக்கெட்டுகள் குறைந்த வேகத்திலும், போய்ச் சேர்ந்ததா என்ற உறுதிப்பாடு இல்லாமலும் செல்கின்றன. ஆதலால் நெரிசலான வகுப்பறையில் அவை தொலைந்துபோவது இயல்பு.

வேர்முனை எழுதியது:

கொடிமுல்லை அம்மா சொன்ன அந்தப் புகார் எங்களுக்கு வாடிக்கையானது. காரணம் இப்போதுதான் விளங்கியது, மிக்க நன்றி. அப்படியானால் இரண்டாவது கட்டடத்துக்கு என்ன செய்வது? பகிர்ந்த ஹாஷ் அட்டவணையை வைத்தால் சப்நெட் தடையாக இருக்காது அல்லவா?

தொடுவானம் எழுதியது:

தடையாக இருக்காது. நான் அந்த வழியையே பரிந்துரைப்பேன்.

2001-இல் கார்ட், கேன், பேஸ்ட்ரி, டேப்பஸ்ட்ரி என்று நான்கு ஹாஷ் அட்டவணை அமைப்புகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் வெளிவந்தன. 2002-இல் பெட்டார் மேமூன்கோவும் டேவிட் மாசியேரும் வெளியிட்ட கடெம்லியாதான் நடைமுறையில் பரவலாக வென்றது. அதில் ஒவ்வொரு கணுவுக்கும் 160 பிட் அடையாள எண் உண்டு, தேடப்படும் பொருளுக்கும் அதே நீளத்தில் ஓர் எண் உண்டு. இரண்டு எண்களை எக்ஸ்ஆர் செய்து, அதாவது பிட்டுக்குப் பிட்டு ஒப்பிட்டு வேறுபடும் இடத்தில் 1, ஒத்த இடத்தில் 0 என்று எழுதி, கிடைப்பதே அவற்றுக்கு இடையிலான தூரம். நான்கு பிட் எடுத்துக்காட்டாகச் சொன்னால், 1011-க்கும் 1001-க்கும் இடையிலான தூரம் 0010, அதாவது 2. ஒவ்வொரு கணுவும் தனக்கு அருகிலுள்ள பகுதியை நெருக்கமாகவும் தொலைவிலுள்ள பகுதியை மேலோட்டமாகவும் தெரிந்து வைத்திருக்கிறது. தேடும்போது ஒவ்வொரு படியிலும் மீதித் தூரம் பாதியாகவாவது குறைவதால், பத்து லட்சம் கணுக்கள் இருந்தாலும் சுமார் இருபது படிகளுக்குள் விடையிருக்கும் இடத்தை அடையலாம்.

இதில் நான் மிகவும் மதிப்பது வேறொன்று. நுடெல்லாவில் எடுத்த அளவீடுகளிலிருந்து, நெடுநேரமாக வலையில் இருக்கும் கணு இன்னும் சற்று நேரம் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று அறிந்து, பழைய கணு பதில் சொல்லிக்கொண்டிருக்கும்வரை அதைத் தள்ளிவிட்டுப் புதியதைச் சேர்ப்பதில்லை என்ற விதியை வைத்தார்கள். கணுக்கள் வந்து போய்க்கொண்டே இருக்கும் வலையமைப்பில் இந்த ஒரு விதி தரும் நிலைத்தன்மை பெரிது. திடீரென்று ஆயிரக்கணக்கில் பொய்யான கணுக்கள் வந்து அட்டவணையை நிரப்புவதையும் அது ஓரளவு தடுக்கிறது.

நடைமுறைக்குச் சான்றாக, கோப்புப் பகிர்வு அமைப்பான பிட்டோரண்டைப் பாருங்கள். முதலில் டிராக்கர் என்ற சர்வர் பட்டியலை வைத்திருந்தது. 2005-இல் கடெம்லியா அடிப்படையிலான அட்டவணை சேர்ந்தது. 2009 நவம்பரில் பைரட் பே தளம் தன் டிராக்கரை நிறுத்தியபோதும் பகிர்வு தொடர்ந்தது. அவ்வாறே நீங்களும் சேவை வகையின் பெயரை ஹாஷ் செய்து, அதாவது கணக்கீட்டின் வழியாக நிலையான நீளமுள்ள எண்ணாக மாற்றி, அந்த எண்ணுக்கு அருகிலுள்ள கணுக்களிடம் ஒவ்வொரு சேவையாளரும் தம் முகவரியைப் பதிய வைத்தால் போதும்.

ஆழிசூழ் எழுதியது:

தொடுவானம் அவர்கள் கடெம்லியாவைப் பற்றிச் சொன்ன ஒவ்வொன்றையும் ஏற்கிறேன். அது இந்தக் கேள்விக்கு ஏற்ற விடை என்பதை மட்டும் ஏற்க இயலவில்லை.

பிட்டோரண்டில் தேடுபவரிடம் முன்கூட்டியே துல்லியமான 160 பிட் எண் இருக்கிறது. அவருக்குத் தேவை அந்த எண்ணுக்குரியவர்களின் பட்டியல் மட்டுமே. அதில் யார் கிடைத்தாலும் சரி. ஐபிஎஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு அமைப்பிலும் உள்ளடக்கத்தின் ஹாஷைக் கொண்டு அதை வழங்குபவரைத் தேடுகிறார்கள், அதுவும் முதல் வகைக் கேள்விதான். சேவைத் தேடலில் நிபந்தனைகள் வரும். தமிழோடு கிரந்த எழுத்தும் படிக்கத் தெரிய வேண்டும், வரிசையில் காத்திருப்போர் ஐந்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டால், ஹாஷ் செய்த எண்ணில் அவற்றுள் எதுவும் தெரியாது. நெருங்கிய இரண்டு பெயர்களை ஹாஷ் செய்தால் தொடர்பே இல்லாத இரண்டு எண்கள் வரும் என்பதுதானே ஹாஷின் பண்பு? வகையின் பெயரை மட்டும் ஹாஷ் செய்து, நிபந்தனைகளைப் பிறகு ஒவ்வொருவரிடமும் கேட்கலாம் என்றால், அந்த எண்ணுக்கு அருகில் அமைந்துவிட்ட ஒரு சில கணுக்கள் அந்த வகையின் எல்லாப் பதிவுகளையும் எல்லாக் கேள்விகளையும் சுமக்க நேரிடும். வகைகள் கோடிக்கணக்கில் இருந்தால் சுமை பரவலாகும். உங்களிடம் மூன்றோ நான்கோ வகைகளே உள்ளன.

2001-இல் சன் நிறுவனம் கொண்டுவந்த ஜக்ஸ்டா இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டது. ஒவ்வொரு சேவையையும் எக்ஸ்எம்எல் வடிவிலான விளம்பரமாக எழுதி, ராந்தெவூ பியர் என்ற கணுக்களுக்குள் அவற்றின் சுட்டுகளைத் தளர்வான ஹாஷ் முறையில் பரப்பி, அதில் கிடைக்காவிட்டால் அக்கம்பக்கக் கணுக்களில் நடந்து தேடும்படி அமைத்தார்கள். எத்தீரியம் என்ற பிளாக்செயின் வலையமைப்பின் ஐந்தாம் பதிப்புக் கண்டறிதல் நெறிமுறையின் வரையறையிலும், கணுவைத் தேடுவதற்கு அப்பால் தலைப்பு வாரியாக விளம்பரம் செய்வதற்கென்று தனிப் பகுதி எழுத வேண்டியிருந்தது. கணுவைத் தேடும் அட்டவணை இருந்தாலே சேவையைத் தேடும் வழியும் கிடைத்துவிடும் என்றால் இந்த உழைப்புக்குத் தேவையே இருந்திராது.

இரண்டாவது காரணம் இன்னும் எளியது. கடெம்லியாவில் ஒவ்வொரு பதிவையும் வைத்திருக்கும் கணுக்களின் எண்ணிக்கைக்கு மூலக் கட்டுரை தரும் அளவு 20. உங்கள் வலையமைப்பில் மொத்தக் கணுக்களே நாற்பது. பாதிப் பேரிடம் ஒவ்வொரு பதிவும் இருக்கப்போகிறது என்றால், எல்லோரிடமும் எல்லாமும் இருக்கட்டுமே! கணினிக்கு மூன்று சேவை, பதிவுக்கு 200 பைட் என்று வைத்தாலும் முழுப் பட்டியலும் 24 கிலோபைட்தான். ஒரு புகைப்படத்தைவிடச் சிறிய பட்டியலைத் துண்டாக்கிப் பகிர்ந்து, பிறகு அதைத் தேடுவதற்கு வழி அமைப்பது வீண் உழைப்பு.

ஆகவே என் பரிந்துரை காசிப். ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் 1987-இல் தரவுத்தளப் பிரதிகளை ஒத்திசைப்பதற்காக எழுதப்பட்ட தொற்றுப் பரவல் முறைகளில் இதன் வேர் இருக்கிறது. 2002-இல் கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஸ்விம் நெறிமுறை உங்களுக்கு மிகவும் பொருந்தும். ஒவ்வொரு கணுவும் குறிப்பிட்ட இடைவெளியில் யாராவது ஒருவரைத் தேர்ந்தெடுத்து "இருக்கிறாயா?" என்று கேட்கிறது. பதில் வராவிட்டால் உடனே இறந்ததாக அறிவிக்காமல், வேறு சிலரிடம் "எனக்காக நீங்கள் கேட்டுப் பாருங்கள்" என்கிறது. அவர்களுக்கும் பதில் வராவிட்டால்தான் அது ஐயத்துக்குரியது என்ற செய்தி பரவுகிறது. அந்தக் கணு உயிரோடு இருந்தால் அதை மறுத்துப் பேச அவகாசமும் உண்டு. இந்தச் செய்திகளுக்கென்று தனிப் பாக்கெட் வேண்டியதில்லை, நலம் விசாரிக்கும் பாக்கெட்டுகளிலேயே தொற்றிக்கொண்டு செல்கின்றன. எல்லாம் கணுவுக்குக் கணு நேராகச் செல்லும் யுடிபி பாக்கெட் என்பதால் நடுவிலுள்ள ரவுட்டரும் தடையாகாது. கோ மொழியில் மெம்பர்லிஸ்ட் என்ற நூலகமும், அதன்மேல் கட்டிய செர்ஃப் என்ற கருவியும் இதைச் செய்கின்றன.

தொடுவானம் எழுதியது:

நாற்பது கணினி என்ற அளவில் தாங்கள் சொல்வதே பொருத்தம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் வேர்முனை அவர்கள் இதை நாளை மற்ற கல்லூரிகளோடும் இணைக்க நினைத்தால், ஆயிரக்கணக்கான கணுக்களின் முழுப் பட்டியலையும் ஒவ்வொருவரும் சுமப்பது கடினமாகும், நேட் என்னும் முகவரி மாற்றத்துக்குப் பின்னால் உள்ள கணினிகளை அடைவதும் தனிச் சிக்கலாகும். அப்போது கட்டமைந்த அட்டவணைக்குத் திரும்ப வேண்டியிருக்கும். சேவைப் பதிவின் வடிவத்தைப் பரப்பும் முறையோடு ஒட்டவைக்காமல் தனியாக வரையறுத்துக்கொண்டால் அந்த மாற்றம் எளிதாக இருக்கும்.

செங்கோடு எழுதியது:

யாரும் இன்னும் தொடாத ஒரு பகுதி இருக்கிறது. கண்டறிந்த சேவையை நம்பலாமா?

மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸில் அதே சப்நெட்டில் உள்ள எந்தக் கணினியும் தன்னைப் பிரிண்டர் என்று அறிவிக்கலாம். தேர்வுக் காலத்தில் ஒரு மாணவர் தம் லேப்டாப்பை ஆசிரியர் அறைப் பிரிண்டரின் பெயரில் அறிவித்தால் வினாத்தாள் எங்கே போகும் என்று எண்ணிப் பாருங்கள். காசிப் முறையிலும் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று விட்டுவிட்டால் இதே ஆபத்து உண்டு. ஒரு பொய்யான பதிவு எல்லாக் கணுக்களுக்கும் அவரவர் நண்பர் வழியாகவே போய்ச் சேரும்.

திறந்த வலையமைப்புகளில் இது எவ்வளவு கடினம் என்பதை 2002-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த ஜான் டூசர் சிபில் தாக்குதல் என்ற பெயரில் எழுதினார். அடையாளங்களைச் சரிபார்க்கும் நம்பகமான மையம் ஒன்று இல்லாத இடத்தில், ஒரே ஆள் பல நூறு கணுக்களாகத் தோன்றுவதைத் தடுக்க வழி கிடைப்பது அரிது என்பதே அதன் சாரம். ஹாஷ் அட்டவணைகளில் இது இன்னும் கூர்மையாகிறது, ஏனெனில் குறிப்பிட்ட எண்ணுக்கு அருகில் தன் கணுக்களை அமர்த்திவிட்டால் அந்த எண்ணைத் தேடி வரும் அனைவரும் தாக்குபவரிடமே வந்து நிற்பார்கள். பயனரின் அடையாளத்தை மறைக்கும் டார் வலையமைப்பின் பழைய, இரண்டாம் பதிப்பு மறைசேவைகளில் எந்தச் சேவையின் விவரம் எந்தக் கணுக்களில் அமரும் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடிந்தது. மூன்றாம் பதிப்பில், யாராலும் முன்னறிய முடியாத ஓர் எண்ணை அடைவு அதிகாரக் கணுக்கள் நாள்தோறும் கூட்டாக உருவாக்குகின்றன; இடங்கள் அந்த எண்ணைச் சார்ந்து மாறுகின்றன. பழைய பதிப்பு 2021-இல் கைவிடப்பட்டது.

பிட்டோரண்டிலும் சிறிய அளவில் நல்ல பாதுகாப்பு ஒன்று உண்டு. ஒரு கணுவிடம் முகவரியைப் பதியச் செல்பவர், முதலில் அதே கணுவிடம் கேள்வி கேட்டு ஒரு டோக்கனைப் பெற்றிருக்க வேண்டும். அந்த டோக்கன் கேட்டவரின் ஐபி முகவரியோடு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறும் ஓர் இரகசியத்தைச் சேர்த்து உருவாவது. ஆகவே வேறொருவர் முகவரியைத் திருடிப் பதிந்து, அவர்மேல் கூட்டத்தை ஏவிவிட முடியாது.

தங்கள் கல்லூரி மூடிய வலையமைப்பு என்பதால் இந்த விஷயத்தில் தாங்கள் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். யார் உறுப்பினர் என்று சொல்வதற்கு ஓர் அதிகாரம், அதாவது கல்லூரியே, இருக்கிறது. ஒவ்வொரு கணினிக்கும் ஒரு சாவி இணை, அதாவது ஒரு பொதுச் சாவியும் ஓர் இரகசியச் சாவியும், கொடுங்கள். சேவைப் பதிவை அந்த இரகசியச் சாவியால் கையொப்பமிட வையுங்கள். கணினியின் அடையாளம் அதன் பொதுச் சாவியின் ஹாஷாகவே இருக்கட்டும். கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்திங் மென்பொருள் சான்றிதழின் ஷா-256 ஹாஷையே கருவியின் அடையாளமாகக் கொள்வதால், முகவரியைச் சொன்னவர் யாராக இருந்தாலும், போய்ச் சேர்ந்த இடத்தில் இருப்பவர் உரியவர்தானா என்பதை இணைக்கும்போதே சரிபார்த்துவிடுகிறது. கண்டறியும் பகுதியை முழுமையாக நம்ப வேண்டிய கட்டாயம் இதனால் நீங்குகிறது. என் பார்வையில் இந்த இழையிலேயே தாங்கள் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டியது இது ஒன்றுதான்.

கடைசியாக, கண்டறிதலுக்கான போர்ட்டுகளை வெளி இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். கருவிகள் ஒன்றையொன்று கண்டறிய உதவும் யுபிஎன்பி பயன்படுத்தும் 1900 போர்ட் பல ஆண்டுகளாகத் தாக்குதல்களைப் பெருக்கித் தரும் கருவியாகப் பயன்பட்டு வருகிறது. எஸ்எல்பி என்ற பழைய சேவை கண்டறிதல் நெறிமுறையில், சிறிய கேள்வியை 2,200 மடங்கு வரை பெருக்கித் தாக்க வழி இருப்பது 2023-இல் வெளியானது. உள்வலைக்கு மட்டும் என்று எழுதப்பட்டவை வெளியே நிற்கத் தகுந்தவை அல்ல.

வேர்முனை எழுதியது:

செங்கோடு ஐயாவுக்கு நன்றி, கையொப்பம் கட்டாயம் இருக்கும். இன்னும் ஓர் ஐயம். புதிதாக இயக்கப்படும் கணினி முதல் கணுவை எப்படிக் கண்டுபிடிக்கும்? அதற்கு ஒரு நிலையான முகவரி வேண்டுமென்றால் மறுபடியும் ஒரு மையம் வந்துவிடுகிறதே?

கொடிமுல்லை எழுதியது:

முதல் தொடர்புக்கு மையம் இல்லாத தீர்வு பெரிய வலையமைப்புகளிடமும் இல்லை. பிட்காயின் மென்பொருள் தொடக்கத்தில் ஐஆர்சி அரட்டை அறை வழியாகக் கணுக்களைக் கண்டறிந்தது. பிறகு தன்னார்வலர்கள் நடத்தும், கணுக்களின் முகவரிகளைத் தரும் டிஎன்எஸ் விதைகளுக்கு மாறியது, அவையும் கிடைக்காவிட்டால் நிரலுக்குள்ளேயே எழுதிவைத்த முகவரிகளை நாடுகிறது. ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் தெரிந்த முகவரிகளை வட்டில் எழுதிவைத்துக்கொள்வதால் அடுத்த முறை விதை தேவைப்படுவது அரிது. பிட்டோரண்டின் அட்டவணைக்கும் நன்கு அறியப்பட்ட நுழைவாயில் கணுக்கள் உண்டு. நுழைவுக்கு மட்டும் உதவும் மையம், ஒவ்வொரு தேடலுக்கும் தேவைப்படும் மையம் ஆகிய இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கிறது. முன்னது ஒரு மணி நேரம் நின்றாலும் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு எந்தக் குறையும் வராது.

உங்களுக்கு மூன்று வழிகளைச் சேர்த்தே வைக்கலாம். அதே கட்டடத்தில் உள்ள ஏதாவது ஒரு கணுவை மல்டிகாஸ்ட் டிஎன்எஸ் காட்டிவிடும்; எதைப் பிடித்தாலும் போதும். கட்டடத்துக்கு மூன்று கணினிகளின் முகவரிகள் அமைப்புக் கோப்பில் இருக்கட்டும், அவற்றுள் ஒன்று உயிரோடு இருந்தாலே மற்றக் கட்டடத்தோடு இணைப்பு கிடைத்துவிடும். கடந்தமுறை பார்த்த கணுக்களின் பட்டியல் வட்டில் இருக்கட்டும்.

பதிவின் ஆயுளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சன் நிறுவனத்தின் ஜினி என்ற சேவை கண்டறிதல் அமைப்பில் எந்தப் பதிவும் குத்தகையாகவே கொடுக்கப்பட்டது. காலம் முடியுமுன் புதுப்பிக்காவிட்டால் தானே நீங்கிவிடும். அந்தக் கருத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருப்பதை ஸ்விம் பார்த்துக்கொண்டாலும், கணினி இயங்கிக்கொண்டிருக்க அதிலுள்ள சேவை மட்டும் செத்துப்போவது அடிக்கடி நடக்கும். எழுத்தறியும் நிரல் நினைவகம் போதாமல் நின்றுவிட்டிருக்கும், ஆனால் கணினி நலம் விசாரிப்புக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆகவே சேவை நிரல் தன் உடல்நிலையைச் சோதித்து 30 விநாடிக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 90 விநாடி புதுப்பிக்காத பதிவைத் தேடல் முடிவில் காட்டக் கூடாது. நாற்பது கணினிகளும் இப்படிச் செய்தால் வலை முழுவதிலும் விநாடிக்கு ஒன்று அல்லது இரண்டு புதுப்பிப்புகள்தான் உருவாகும். பெரிய வலையமைப்பில் ஆயுளைக் குறைத்தால் போக்குவரத்து கூடும் என்ற கவலை நியாயமானது. இங்கே அதற்கு இடமில்லை.

வேர்முனை எழுதியது:

இதுவரை வந்த கருத்துகளைக் கொண்டு இப்படி முடிவு செய்திருக்கிறேன். கட்டடங்களுக்கு இடையிலும் ஆய்வகக் கணினிகளுக்குள்ளும் மெம்பர்லிஸ்ட் நூலகத்தின் மேல் எழுதிய காசிப். கட்டடத்துக்குள் மாணவர்களின் கைபேசிகளும் லேப்டாப்களும் பார்ப்பதற்காக அந்தப் பட்டியலிலிருந்து பிரிண்டர்களை மட்டும் அவாஹி வழியாக அறிவித்தல். ஒவ்வொரு பதிவுக்கும் கையொப்பம், வரிசை எண், 90 விநாடிக் குத்தகை. ஒரே கணினியிடமிருந்து வரும் இரண்டு பதிவுகளில் வரிசை எண் பெரியதையே எல்லோரும் ஏற்பார்கள்.

மின்சாரம் திரும்பி வரும் நேரத்தைப் பற்றி மட்டும் கவலை இருக்கிறது. எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் எழும். சில பழைய கணினிகளில் தாய்ப்பலகையின் பேட்டரி தீர்ந்துவிட்டதால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடுகிறது. வரிசை எண்ணைக் கடிகாரத்திலிருந்து எடுத்தால் புதிய பதிவு பழையதாகக் கருதப்பட்டு ஒதுக்கப்படுமே?

ஆழிசூழ் எழுதியது:

கடிகாரத்தை நம்பவே வேண்டாம். வரிசை எண்ணை வட்டில் எழுதிவைத்து, ஒவ்வொரு முறை எழும்போதும், பதிவைப் புதுப்பிக்கும்போதும் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். வட்டில் எழுதும் முன்பே மின்சாரம் போயிருக்கலாம் அல்லது வட்டையே மாற்றியிருக்கலாம் என்பதால் ஸ்விம்மில் மறுப்புக்குப் பயன்படும் அவதார எண்ணின் (தன்னைப் பற்றிய பழைய செய்தியை மறுக்கக் கணு தானே கூட்டிக்கொள்ளும் எண்ணின்) வழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுந்தவுடன் கணு எதையும் அறிவிக்காமல், முதலில் ஏதாவது ஓர் அண்டைக் கணுவிடமிருந்து முழுப் பட்டியலைப் பெறட்டும். அதில் தன் சாவியால் கையொப்பமிட்ட பழைய பதிவு இருந்தால், அதன் எண்ணைவிட ஒன்று கூடுதலான எண்ணோடு தன் புதிய பதிவை வெளியிடட்டும். பின்னால் எப்போதாவது தன் பெயரில் இன்னும் பெரிய எண்ணுள்ள பதிவு வந்தாலும் இதையே செய்ய வேண்டும். கையொப்பம் இருப்பதால், வேறொருவர் பெரிய எண்ணைப் போட்டு விளையாட முடியாது. குத்தகையின் 90 விநாடியையும் பதிவில் எழுதிய நேரத்திலிருந்து எண்ணாமல், அந்த எண்ணுள்ள பதிவைத் தான் முதன்முதலில் பெற்ற கணத்திலிருந்து ஒவ்வொரு கணுவும் தன் சொந்த ஓட்ட நேரத்தைக் கொண்டு எண்ண வேண்டும். அப்படிச் செய்தால் யாருடைய கடிகாரம் எங்கே இருந்தாலும் பாதிப்பில்லை.

ஒரே நேரத்தில் எழுவதற்கு, முதல் அறிவிப்புக்கு முன் ஐந்து விநாடிக்குள் ஏதோ ஒரு நேரம் காத்திருக்கச் செய்தால் போதும். அதைவிடக் கவனிக்க வேண்டியது, ஸ்விட்சும் ரவுட்டரும் கணினிகளுக்குப் பின்னால் எழும் நிலை. அந்த நேரத்தில் ஒவ்வொரு கட்டடமும் மற்றதை முழுவதும் இறந்ததாகவே முடிவு செய்திருக்கும். இறந்ததாகக் குறித்த கணுக்களை உடனே மறந்துவிட்டால், இணைப்பு வந்த பிறகும் இரண்டு கட்டடங்களும் தனித்தனி வலைகளாகவே நின்றுவிடும். இறந்தவற்றின் பட்டியலிலிருந்து அவ்வப்போது ஒன்றைத் தொட்டுப் பார்க்கும் வேலையை செர்ஃப் தானே செய்கிறது. மெம்பர்லிஸ்டை நேரடியாகப் பயன்படுத்தினால் நீங்கள் எழுத வேண்டும். அமைப்புக் கோப்பில் உள்ள ஆறு முகவரிகளையும் நிமிடத்துக்கு ஒருமுறை முயன்று பார்க்கும் ஒரு சிறு சுழற்சியே அதற்குப் போதும். முதலில் இரண்டு கட்டடங்களுக்கு இடையிலான கேபிளைக் கழற்றிவைத்துச் சோதியுங்கள், பிறகு மின்தடையைச் சோதிக்கலாம்.